நீலகிரித் தைலமும் அதன் தாய்நிலமும்: யூகலிப்டஸ் இனங்களும் ஆஸ்திரேலியத் தமிழர் இல்ல மருத்துவமும்

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆஸ்திரேலியாவிற்குக் குடிபெயர்ந்த தமிழர்களின் இல்லங்களில், சளிக்கும் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் முதலில் கையில் எடுக்கப்படும் புட்டிகளுள் யூகலிப்டஸ் எண்ணெயும் ஒன்று. அங்காடியில் ஆங்கிலப் பெயரோடு வாங்கப்படும் அந்தப் புட்டி, வீட்டிற்குள் நுழைந்தவுடன் பெரும்பாலும் 'நீலகிரித் தைலம்' ஆகிவிடுகிறது. சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் எண்ணெய்க்கு, இந்தியப் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள ஒரு மலையின் பெயரை இட்டு வழங்குகிறோம். இவ்வழக்கில் வியப்பும் உண்டு, வரலாறும் உண்டு. எனினும், அம்மருந்தைப் பாட்டி வைத்தியம் என்றும், அதற்கும் மேலே சென்று சித்தர் கண்ட மருந்து என்றும் கூறுவோர் நம்மிடையே பெருகிவருகின்றனர். இக்கட்டுரை இரண்டு செய்திகளை முன்வைக்க விழைகிறது. தமிழர் மருத்துவத்தில் இத்தைலத்தின் வயது இரு நூற்றாண்டுகளுக்கும் குறைவானது என்பது ஒன்று. யூகலிப்டஸ் என்னும் ஒரு பெயருக்குள் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மரவினங்கள் அடங்கியுள்ளமையால், தெருவோரத்து மரமொன்றின் இலையைப் பறித்து 'நீலகிரி இலை' என்று கொள்வது பொருந்தாது என்பது மற்றொன்று. முன்னது வரலாற்றுத் திருத்தம். பின்னது நோயாளியின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்தோடு தொடர்புடையது.

சொல்லும் பொருளும்

'தைலம்' என்னும் சொல் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. சித்த மருத்துவத்தில் தைலம் என்பது பெரும்பாலும் நல்லெண்ணெய் முதலான நெய்ப்புப் பொருளில் மூலிகைச் சாற்றையும் கற்கத்தையும் இட்டுக் காய்ச்சி, பதம் பார்த்து இறக்கி வடிப்பதாகும். குழித்தைலம் போன்ற விலக்குகளும் உண்டு. யூகலிப்டஸ் எண்ணெயோ இலையினூடே நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிர்வித்து, நீரின் மேல் மிதப்பதைப் பிரித்தெடுப்பது, காற்றுப்பட்டால் பறந்துவிடுவது. வாலையில் இட்டு வடித்துத் தீநீர் எடுக்கும் முறை நம் மருத்துவர்க்குத் தெரிந்திருந்தது. ஆயினும், அம்முறைக்கு நெருக்கமான இப்பொருளுக்கு மக்கள் தைலம் என்றே பெயரிட்டனர். மேலே தேய்ப்பதெல்லாம் தைலம் என்னும் பொதுவழக்கே இதற்குக் காரணமாகலாம்.

மரத்தின் பெயர்களும் கருதத்தக்கன. தமிழகத்தில் அது தைலமரம். நீலகிரியில் அதனைக் கற்பூர மரம் என்பாரும் உளர். கசக்கிய இலையின் மணம் கற்பூரத்தை நினைவூட்டியதன் விளைவு அது. இலங்கை மலையகத் தோட்டங்களில் டர்பன்டைன் மரம் என்னும் வழக்கு உண்டு. உண்மையான டர்பன்டைன் எண்ணெய் ஊசியிலை மரங்களின் பிசினிலிருந்து கிடைப்பது. ஆஸ்திரேலியாவிலோ அப்பெயரால் வழங்குவது யூகலிப்டஸ் அல்லாத பிறிதொரு மரம். கன்னடத்தில் மரமே நீலகிரி. இந்தியில் எண்ணெய் நீலகிரி. இவ்வழக்குகளெல்லாம் மணத்தையும் விளைவிடத்தையும் சுட்டுகின்றனவேயன்றி, மரத்தின் பிறப்பிடத்தைச் சுட்டவில்லை.

நீலமரங்களால்தான் அம்மலைக்கு நீலகிரி என்று பெயர் வந்தது என்னும் கதையும் சிலரிடையே உலவுகிறது. இது காலமுரண். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலேயே நீலகிரி என்னும் பெயர் வருகிறது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புனிசனைப் பற்றிய 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டும் நீலமலையைக் குறிப்பிடுகிறது. மரம் வந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டில். சிட்னிக்கு மேற்கேயும் நீலமலைத் தொடர் ஒன்று இருப்பதும், அதன் நீலப் புகைமூட்டத்திற்கு யூகலிப்டஸ் காடுகளே காரணம் எனக் கூறப்படுவதும் ஓர் இனிய உடனிகழ்வு, அவ்வளவே.

தாய்நிலத்தில்

ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இம்மரங்களோடு வாழ்ந்துவந்தவர்கள். ஐரோப்பியர் வந்தபோது அங்கு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. எனவே 'தொல்குடியினர் மருத்துவம்' என ஒருமையில் கூறுவதே பிழை. ஆயினும் பல குழுவினரிடையே பதிவாகியுள்ள முறைகளைத் தொகுத்து நோக்கலாம்: பச்சிலையைத் தணல்மேல் பரப்பி, எழும் புகையிலும் ஆவியிலும் நோயாளியை இருத்துதல், இலையை நீரிலிட்டு அந்நீரால் உடலைக் கழுவுதல், பட்டையிலிருந்து வடியும் செம்பிசினைப் புண்ணுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் பயன்படுத்துதல். நாம் 'வேது பிடித்தல்' என்று கூறுவதற்கும் அவர்களது இலையாவிக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. இரண்டிற்கும் இடையே தொடர்பு இருந்ததாகக் கொள்ளச் சான்றில்லை. தனித்தனியே வளர்ந்த முறைகள் என்பதே ஏற்புடையது.

யூகலிப்டஸ் என்னும் பேரினப் பெயரை 1788ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே இட்டார். 'நன்கு மூடப்பட்டது' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். அரும்பின் மேல் பொருந்தியிருக்கும் சிறு மூடியை அது சுட்டுகிறது. அவர் கண்ட மாதிரி, குக்கின் மூன்றாம் கடற்பயணத்தின்போது 1777இல் டாஸ்மேனியாவை அடுத்த புரூனித் தீவில் திரட்டப்பட்டது. பெயரிடப்பட்ட அதே 1788இல்தான் சிட்னித் துறையில் முதல் கைதிக் கப்பல்கள் வந்து இறங்கின. அவற்றில் வந்த மருத்துவர்களாகிய ஜான் ஒயிட், டெனிஸ் கான்சிடன் ஆகியோர், வயிற்றுப்போக்கால் வருந்திய கைதிகளுக்கு மரப்பிசினைக் கொடுத்தனர், 'சிட்னி பெப்பர்மின்ட்' எனப்பட்ட யூகலிப்டஸ் பைப்பரிட்டாவின் இலையிலிருந்து எண்ணெய் எடுத்து வயிற்றுவலிக்குப் பயன்படுத்தினர், இங்கிலாந்துக்கும் அனுப்பினர். இம்மூலிகைகளை முதலில் கண்டறிந்த பெருமை தமக்கே உரியது என்று கான்சிடன் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் உரிமை கோரினார். அந்தத் துறைமுகக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மக்களை அருகில் வைத்துக்கொண்டு எழுப்பப்பட்ட உரிமைக்குரல் அது. ஒரு நாட்டு மருந்துக்கு இன்னொருவர் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

அப்பிசினுக்கு அவர்கள் வழங்கிய மருந்துப் பெயர் 'கினோ'. துவர்ப்புடைய செம்பிசின்களுக்கான அதே பெயர், நம் வேங்கை மரத்தின் பிசினுக்கும் 'மலபார் கினோ' என வழங்கியது. சங்கப் பாடல்களில் பொன்னிறப் பூவால் நாம் அறிந்த வேங்கையும் ஆஸ்திரேலியச் செம்மரமும் ஒரே மருந்துப் பெயரின் கீழ் ஐரோப்பிய மருந்தகங்களில் அடுத்தடுத்து நின்றன.

வணிகப் பொருளாக யூகலிப்டஸ் எண்ணெய் உருப்பெற்றது மெல்பேர்னில். இங்கிலாந்திலிருந்து வந்த மருந்தாளர் ஜோசப் பொசிஸ்டோ, விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லரின் ஊக்கத்தால், 1850களில் டாண்டினாங் ஓடைக்கரையில் வடிகலம் அமைத்தார். அங்கு அவர் வடித்தது இன்று யூகலிப்டஸ் ரேடியாட்டா எனப்படும் மரத்தின் இலை என்பர். பிற்காலத்தில் உலகெங்கும் 'மருந்து யூகலிப்டஸ்' எனப் பெயர்பெற்ற குளோபுலஸ் அன்று. கிளிச் சின்னம் பொறித்த பொசிஸ்டோ புட்டி இன்றும் ஆஸ்திரேலிய மருந்தகங்களில் விற்கப்படுகிறது. நம்மவர் இல்லங்களில் நீலகிரித் தைலமாக மாறுவதும் பெரும்பாலும் அதுவே.

முல்லர் இம்மரத்தின் விதைகளை உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பினார். சதுப்பு நிலத்தின் நச்சுக்காற்றே முறைக்காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. இலையின் மணம் அக்காற்றைத் தூய்மையாக்கும் எனக் கருதி, அல்ஜீரியாவிலும் ரோமாபுரிக்கு அருகிலுள்ள திரே ஃபொன்தானே மடத்திலும் இதனை நட்டனர். 'காய்ச்சல் மரம்' என்னும் பெயரும் பிறந்தது. சில இடங்களில் காய்ச்சல் குறைந்ததும் உண்டு. மரம் நிலத்தின் நீரை உறிஞ்சியதால் கொசு வளரும் சதுப்பு வற்றியதே அதற்கு விளக்கமாகலாம். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை 1897இல் செக்கந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் நிறுவிய பின்னரும் அப்பெயர் உடனே மறையவில்லை.

நீலகிரிக்கு வந்த மரம்

தென்னிந்தியாவில் யூகலிப்டஸ் முதலில் நடப்பட்டது திப்பு சுல்தான் காலத்தில், 1790ஐ ஒட்டி, நந்தி மலையில் என்று வனவியல் நூல்கள் கூறும். நீலகிரிக்கு 1843இல் கேப்டன் காட்டன் இதனைக் கொண்டுவந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தோட்டமாக வளர்க்கும் முயற்சி தொடங்கிவிட்டது. நோக்கம் மருந்தன்று, விறகு. உதகமண்டலமும் வெலிங்டன் படைமுகாமும் வளர வளரச் சோலைக்காடுகள் அடுப்புக்கு இரையாயின. விரைவாக வளர்ந்து, வெட்டினாலும் துளிர்க்கும் மரம் ஆங்கில அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது. குளிர்ந்த மலைக்கு ஏற்ற டாஸ்மேனிய நீலமரமாகிய யூகலிப்டஸ் குளோபுலஸ் அத்தேவையை நிறைவேற்றியது. புல்வெளிகளும் ஊற்றுகளும் அதற்குக் கொடுத்த விலையைச் சூழலியலார் இன்றும் கணக்கிட்டுவருகின்றனர்.

எண்ணெய், விறகுத் தோட்டத்தின் துணைவிளைவாகவே எழுந்தது. உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளிச் சுமந்துவருவோர், கொட்டகையில் வடிகலத்திற்குத் தீயிட்டுக் காப்போர், சிறு புட்டியில் அடைத்து உதகைச் சந்தையில் விற்போர் எனப் பலரது உழைப்பின்மேல் ஒரு குடிசைத்தொழில் வளர்ந்தது. சுற்றுலா சென்று திரும்புவோர் வர்க்கியும் தைலமும் வாங்கிவருவது தமிழகத்தில் வழக்கமாயிற்று. மலையின் பெயர் மருந்தின் பெயராக மாறியது இவ்வழியில்தான் என்று கொள்ளலாம். அரசாணையோ மருத்துவ நூலோ இட்ட பெயரன்று. சந்தை இட்ட பெயர்.

இங்கு ஒரு வினா எழுகிறது. இத்தைலம் வருமுன் தமிழர் எதனைக்கொண்டு ஆவி பிடித்தனர்? நொச்சியே முதன்மையான விடை. நொச்சித்தழையோடு வேப்பிலை, துளசி, மஞ்சள் ஆகியவற்றை இட்டுக் கொதிக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி வேது பிடிப்பது ஊர்ப்புறங்களில் இன்றும் மறையாத முறை. மதில்காவலின் அடையாளமாகப் புறத்திணைக்கே பெயர் தந்த செடி நொச்சி. வேது என்னும் முறை பழையது. அதில் இடப்படும் பொருள் மாறியது. கொதிநீரில் இரண்டு சொட்டுத் தைலம் விடுவது தழை பறித்து அலசிக் கொதிக்கவைப்பதைவிட எளிது. நகரத்தில் நொச்சிவேலி இல்லை, புட்டி உண்டு. புதிய பொருள் பழைய முறைக்குள் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதனாலேயே இரண்டு தலைமுறைக்குள் அது தொன்மையானதாகத் தோன்றத் தொடங்கியது. 'பாட்டி வைத்தியம்' என்பது பொய்யன்று. பாட்டி அதனைச் செய்தார். அவருடைய பாட்டி செய்திருக்க வாய்ப்பில்லை.

புலம்பெயர்வும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. சிங்கப்பூரில் லியுங் கை ஃபூக் நிறுவனம் விற்ற கோடாலித் தைலம், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துத் திரும்பியோரின் பெட்டிகளில் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டச் சிற்றூர்கள் வரை சென்றது. அதன் கூட்டில் மென்தால், கற்பூரம் ஆகியவற்றோடு யூகலிப்டஸ் எண்ணெயும் உண்டு. சீனர் நிறுவனம், ஆஸ்திரேலிய மரம், தமிழ்ப் பெயர்: ஒரு சிறு புட்டிக்குள் மூன்று நிலங்கள்.

ஒரு பெயருக்குள் பல மரங்கள்

மருந்துக்குரிய யூகலிப்டஸ் எண்ணெயின் உயிர்ப்பொருள் சினியோல். 1870இல் குளோயேஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இதனை இனங்கண்டு யூகலிப்டால் எனப் பெயரிட்டார். மருந்தியல் நெறிநூல்கள் மருந்து எண்ணெயில் சினியோல் நூற்றுக்கு எழுபது பங்கிற்குக் குறையலாகாது என வரையறுத்துள்ளன. எல்லா யூகலிப்டஸ் மரங்களும் இதனைத் தருவதில்லை என்பதை விரிவாக நிறுவியவர்கள் சிட்னித் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பேக்கரும் ஹென்றி ஸ்மித்தும் ஆவர். 1902இல் வெளிவந்த அவர்களது ஆய்வு நூல், மரத்தின் உருவத்தை மட்டும் நோக்காது இலையெண்ணெயின் வேதிக்கூற்றையும் கொண்டு இனங்களைப் பகுத்தது.

குளோபுலஸின் இளந்தளிர் காம்பின்றி எதிரெதிரே அமைந்து, வெண்ணீலப் பூச்சுடன் விளங்கும். முதிர்ந்த இலை அரிவாள்போல் நீண்டு வளையும். ஒரே மரத்தில் இருவகை இலைகளைக் காண்பவர் அவற்றை இரு மரங்களாகக் கருதுவதும் உண்டு. சினியோலில் அதனை விஞ்சுவது விக்டோரியாவின் இங்கில்வுட், வெடர்பர்ன் வட்டாரங்களிலும் நியூ சவுத் வேல்ஸின் மேற்கு வயலாங்கிலும் வளரும் நீல மேலீ, அதாவது யூகலிப்டஸ் பாலிபிராக்டியா. ஆளுயரப் புதராக வளரும் இதனை அடியோடு அறுத்தாலும் வேர்க்கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆஸ்திரேலியாவில் இன்று வடிக்கப்படும் மருந்து எண்ணெயின் பெரும்பகுதி இதனுடையதே. ரேடியாட்டாவின் நிலை சற்றுச் சிக்கலானது: ஒரே இனத்திற்குள் சினியோல் மிகுந்த மரமும் பெல்லாண்டிரீன் மிகுந்த மரமும் உள்ளன, கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. அதன் உறவினமாகிய டைவ்ஸில் மேலோங்குவது பைப்பரிட்டோன். மென்தால் உருவாக்கும் தொழிலுக்கு அது மூலப்பொருளாயிற்று. பெல்லாண்டிரீன் எண்ணெய்கள் சுரங்கத்தில் கனிமத்தைப் பிரிக்கவும் பயன்பட்டன.

தமிழர் இல்லங்களில் மிகுதியாகக் குழப்பம் விளைவிப்பது எலுமிச்சை மண மரம். முன்னர் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா எனப்பட்ட இது, 1995இல் கோரிம்பியா என்னும் தனிப் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. வழுவழுப்பான வெண்ணிறத் தண்டும் உயர்ந்த தோற்றமும் கொண்ட இதனைப் பூங்காக்களிலும் சாலைகளிலும் நிரம்ப நட்டுள்ளனர்; பெர்த் நகரின் கிங்ஸ் பூங்காவிற்குச் செல்லும் ஃபிரேசர் சாலையின் இருமருங்கிலும் நிற்பது இதுவே. இலையைக் கசக்கினால் மணம் கமழ்வதால் வேதுக்கு ஏற்றது எனக் கருதுவோர் உளர். அதன் எண்ணெயில் முதன்மையாக இருப்பது சிட்ரோனெல்லால். சினியோல் மிகச் சிறிது. மூக்கடைப்புக்கு உரிய மருந்து அன்று. எனினும், அந்த எண்ணெயிலிருந்து பெறப்படும் வேறொரு பொருள் இன்று கொசுவிரட்டியாக ஏற்புப் பெற்றுள்ளது. காய்ச்சல் மரம் என்னும் பழைய பெயர் குளோபுலஸுக்குப் பொருந்தாமற்போய், நூறாண்டு கழித்து அதன் உறவினமொன்றுக்குச் சற்றே பொருந்திவந்துள்ளது.

ஆற்றங்கரைச் செம்மரமாகிய கமால்டுலென்சிஸ், மர்ரி ஆற்றுப்படுகையின் அடையாளம். மெல்பேர்ன் நிலத்தின் வொய்வுரங் மொழியில் அதன் பெயர் பியால். அதன் மதிப்பு பிசினிலும் மரத்திலும் உள்ளது. தமிழகச் சமவெளிகளில் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படும் 'மைசூர் கம்' வகை டெரெட்டிகார்னிஸ் வழிவந்தது. அதனையும் தைலமரம் என்றே அழைக்கிறோம். ஆனால் அதனை நடுபவர் எவரும் தைலத்தை எதிர்நோக்கி நடுவதில்லை.

பயனும் எல்லையும்

ஆவி பிடித்தல், தேங்காயெண்ணெயில் சில சொட்டுக் கலந்து மார்பிலும் முதுகிலும் தேய்த்தல், கைக்குட்டையில் விட்டு முகர்தல், வலித்த மூட்டில் பூசுதல் ஆகியவை வளர்ந்தோர்க்கு உரிய வழக்கங்கள். ஆஸ்திரேலியரிடம் கற்றுக்கொண்ட பயன்களும் உண்டு: கம்பளி ஆடை துவைத்தல், பசைக்கறை நீக்குதல், தொண்டைக்கு இதமான மிட்டாய். இவற்றுள் எதனையும் இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் 'இயற்கை மருந்து, தீங்கில்லை' என்னும் நம்பிக்கை ஏற்கத்தக்கதன்று. வடித்த எண்ணெய் இலையன்று. கூடைகூடையான இலைகளின் செறிவு. ஒரு தேக்கரண்டி உள்ளே சென்றாலும் சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் மூச்சுத் தடையும் நேரலாம். கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ பூசுதலும், கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை அமர்த்துதலும் தவிர்க்கப்படவேண்டியவை. நொச்சித்தழை வேதில் இல்லாத இடர் இது. தழை கொதித்த நீரில் எண்ணெய் செறிந்த வடிவில் இருப்பதில்லை. புட்டியோ குழந்தையின் கைக்கெட்டும் அலமாரியில் இருக்கிறது. பழைய முறையின் மீதுள்ள நம்பிக்கையைப் புதிய பொருளின் மீது அப்படியே ஏற்றிவிட்டதன் விளைவு இது. இத்தைலத்திற்குப் பொய்யான தொன்மை கற்பிப்பது வெறும் ஏட்டுப் பிழையாக நின்றுவிடாமைக்குக் காரணமும் இதுவே.

நொச்சியின் உறவினமாகிய நீர்நொச்சி, ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடலோரங்களில் இயற்கையாகவே வளர்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். ஈழத்தவரும் தமிழகத்தவரும் பெயரளவிலேனும் அறிந்த செடி இம்மண்ணிலும் நிற்க, இம்மண்ணுக்கே உரிய மரத்தை நீலகிரியிலிருந்து வந்ததாக எண்ணுகிறோம்.

விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் மேல்நிலைத் தேர்வுகளில் தமிழ் ஒரு பாடமாக உள்ளது. அங்குப் பயிலும் மாணவர், பள்ளிக்குச் செல்லும் வழியில் பத்துவகை யூகலிப்டஸ் மரங்களைக் காண்கின்றனர்; அவர்களுடைய தமிழில் அவற்றுக்கு உள்ள சொல் தைலமரம் ஒன்றே. சிட்ரியோடோராவுக்கு எலுமிச்சைத் தைலமரம் என்றும், பாலிபிராக்டியாவுக்கு நீலப்புதர்த் தைலமரம் என்றும், கமால்டுலென்சிஸுக்கு ஆற்றுச் செம்மரம் என்றும் வழங்கலாம். பியால் முதலிய தொல்குடிப் பெயர்களை, அவ்வம்மொழியினரின் இசைவோடு, உடன் குறிக்கலாம். எண்ணெய்ப் புட்டிக்கு நீலகிரித் தைலம் என்னும் பெயர் தொடரட்டும். புலம்பெயர் நாடுகளில் தொகுக்கப்படும் சொற்பட்டியல்களில் அப்பெயருக்கு எதிரே மரத்தின் இனமும் அதன் பிறப்பிடமும் இடம்பெறவேண்டும் என்பதே இப்பேரவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.